மயானத்துக்கு லைசென்ஸ் கேட்கும் என் மகனுக்கு

திங்கட்கிழமை காலையில் நீ ஒரு கையெழுத்துப் போடப் போகிறாய். முடிச்சூரில் நீயும் உன் மச்சான் சேகரும் சேர்ந்து கட்டியிருக்கும் கேஸ் மயானத்துக்கு, உன் பெயரில், உன் பொறுப்பில் லைசென்ஸ் கேட்டு ஒரு கையெழுத்து. "எல்லாம் கிளியர்மா, ஒரே ஒரு சைன்தான் பாக்கி" என்று போன வாரம் போனில் சொன்னாய். நான் அப்போது குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் என்று சொல்லி போனை வைத்துவிட்டு, கரைத்த புளியையே மறுபடியும் கரைத்தேன். எல்லாம் கிளியர் என்று யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம் வந்துவிடும், அது உனக்கே தெரியும். இதைப் போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நீ "அம்மா" என்று ஒரு இழுப்பு இழுத்தால் நான் சொல்ல வந்ததை மறந்து, சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். கவரை ஒட்டாமல்தான் கொடுத்தனுப்பப் போகிறேன். உன் பெண்டாட்டியும் படிக்கட்டும், சேகரும் படிக்கட்டும். இனி நம் வீட்டில் எதையும் மூடி வைக்க எனக்கு இஷ்டமில்லை.

நான் சந்தேகப் பிராணி என்று நீ சின்ன வயதிலிருந்து கேலி செய்வாய். கறிவேப்பிலை இலவசமாகக் கொடுத்தால் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்ப்பவள் நான். கேஸ் சிலிண்டர் வந்தால் எடை போடாமல் வாங்க மாட்டேன். உன் கல்யாணத்தில் சாம்பார் வாளி எந்தப் பந்திக்குப் போகிறது என்று பின்னாலேயே நடந்து, சமையல்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இதெல்லாம் பிறவிக் குணம் இல்லையப்பா, சம்பளத்தோடு வந்த குணம். நகராட்சி லைசென்ஸ் செக்ஷனில் உட்கார்ந்து மாவு மில், டீக்கடை, கல்யாண மண்டபம் என்று எத்தனை பேரின் 'எல்லாம் கிளியர்' கேட்டிருப்பேன். ஒரு மண்டபத்துக்கு இன்ஸ்பெக்ஷன் போனோம். தீயணைப்பு வாளிகள் வரிசையாக, பளிச்சென்று சிவப்புப் பெயின்ட் அடித்து மாட்டியிருந்தார்கள். அதில் ஒன்றுக்கு இடுப்பில் ஒரு நசுங்கல். அடுத்த வாரம் வேறு ஏரியாவில் வேறு மண்டபம். அங்கேயும் அதே நசுங்கல் வாளி என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. வாளிகளை வாடகைக்கு விட்டே ஒருவர் பிழைத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நான் பேப்பரைப் பார்க்கும் முன் வாளியைப் பார்ப்பேன்.

உனக்கு இந்தத் தொழில் எண்ணம் எங்கே முளைத்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். உன் அப்பா போன அன்றைக்கு. பெண்கள் மயானத்துக்கு வரக் கூடாது என்று சித்தப்பா தடுத்தும், நான் காரில் ஏறி வாசல் வரைக்கும் வந்தேன். உள்ளே நமக்கு முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். ஒரு அடுப்புதான் வேலை செய்தது. நடுவில் கரண்ட் போய்ப் போய் வந்தது. கடைசியில் ஒரு ஆள் இரண்டு மண்சட்டிகளைக் கொண்டுவந்து வாசல் திண்டில் வைத்தார். சட்டியின் மேல் சாக்பீஸில் ஏதோ எழுதியிருந்தது, அது வியர்வைக் கை பட்டுப் பாதி அழிந்திருந்தது. நீ ஒன்றைத் தூக்கி வந்தாய். காரில் உன் மடியில் அந்தச் சட்டி. "இது அப்பாதானாடா?" என்று கேட்டேன். "ஆமாம்மா" என்றாய். "உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். நீ சட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாய். கேட்டிருக்கவே வேண்டாம், ஆனால் என் வாய் அப்படி. நீலாங்கரையில் கடலில் கரைக்கும்போதுகூட நான் சட்டியைத்தான் பார்த்தேன், அலையைப் பார்க்கவில்லை. வேறு யாரோ ஒரு வீட்டில் என் புருஷனுக்குக் காரியம் செய்துகொண்டிருப்பார்களோ என்ற நினைப்பு இன்றைக்கும் திதி அன்று வந்துவிடுகிறது. நீ அன்று சாப்பிடவே இல்லை. "சாம்பலை வாங்கிட்டுப் போறவங்களுக்கு ஒரு சந்தேகம்கூட வராத மாதிரி ஒரு இடம் கட்டணும்மா" என்று மட்டும் சொன்னாய்.

அதனால்தான் நீ ஐடி வேலையை விட்டபோது உன் மாமனார் வீட்டில் எல்லாரும் முகத்தைச் சுளிக்க, நான் மட்டும் உனக்குத் துணையாக நின்றேன். பிணம் எரிக்கவா இன்ஜினியரிங் படித்தான் என்றார்கள். யாராவது எரித்துத்தானே ஆக வேண்டும் என்றேன். நம் வீட்டு டைனிங் டேபிளில் தோசைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நாம் இருவரும் உட்கார்ந்து பேசியது நினைவிருக்கிறதா? ஒன்றொன்றாக உனக்குச் சொன்னேன். நிலம் எந்த வகைப்பாட்டில் இருக்கிறது என்று முதலில் பார். உள்ளாட்சியின் அனுமதி இல்லாமல் யாரும் தன் சொந்த நிலத்தில்கூட மயானம் நடத்த முடியாது. மாசுக் கட்டுப்பாட்டுக்காரர்களிடம் கட்டுவதற்கு ஒரு ஒப்புதல், ஓட்டுவதற்கு இன்னொரு ஒப்புதல். புகைபோக்கி அவர்கள் சொல்லும் உயரத்துக்கு இருக்க வேண்டும். புகையைத் தண்ணீரால் கழுவித்தான் மேலே விட வேண்டும், கழுவின தண்ணீரைக் கண்ட இடத்தில் விடக் கூடாது. சிலிண்டர்கள் அடுக்கும் அறைக்குத் தீயணைப்புத் துறையின் சான்று. டாக்டர் சான்று கையில் இல்லாமல் ஒரு உடலையும் உள்ளே தள்ளக் கூடாது, சொந்தக்காரர்கள் எவ்வளவு அழுதாலும். அக்கம்பக்கத்தில் ஆட்சேபணை இருந்தால் அதைக் கேட்காமல் லைசென்ஸ் கிடையாது. நீ தலையைச் சொறிந்துகொண்டு, "ஏம்மா, ஒரு அடுப்பு பத்த வைக்க இத்தனையா?" என்றாய். என்னைப் போல ஒரு சந்தேகப் பிராணி எங்கேயோ வயிறெரிந்து கேட்டதால்தான் ஒவ்வொரு விதியும் வந்திருக்கும் என்றேன். இந்த ஒரு தொழிலில்தான் வாடிக்கையாளர் திரும்பி வந்து குறை சொல்ல முடியாது. அவருக்குப் பதிலாகத்தான் அத்தனை கேள்வியும்.

அப்போது இன்னொன்றும் சொன்னேன். வீடுகளிலிருந்தும் குடிநீர் எடுக்கும் கிணற்றிலிருந்தும் மயானம் சட்டப்படி இவ்வளவு தூரம் தள்ளி இருக்க வேண்டும், அதை நாடா பிடித்து அளந்து பார்ப்பார்கள் என்று. "முடிச்சூர்ல நம்ம பழைய தெருக் கோடியில ஒரு கிணறு இருந்ததே, அது?" என்று கேட்டேன். "அது ரொம்பத் தள்ளிம்மா" என்றாய். தோசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். கத்தரிக்காயைப் புரட்டிப் பார்ப்பவள், அதை அப்படியே நம்பினேன்.

என் சந்தேகம் எல்லாம் சேகர் மேல்தான் இருந்தது. உன் பெண்டாட்டியின் அண்ணன், நல்ல இடத்துப் பையன், எல்லாம் சரி. ஆனால் எப்போது வந்தாலும் வெள்ளைச் சட்டை, இரண்டு போன், பேசும்போது ஒரு போன் காதில் இருக்கும். "அத்தை, நோ டென்ஷன். ஆபீஸ்ல நம்ம ஆளுங்க இருக்காங்க" என்பான். நம்ம ஆள் என்று ஒருவன் சொன்னால் அங்கே நம்ம ஆள் யாரும் இல்லை என்று அர்த்தம், இதை நான் அந்த மேஜைக்கு உள்பக்கம் உட்கார்ந்து பார்த்தவள். அதனால் இந்த வியாழக்கிழமை, உன்னிடமும் சொல்லாமல், சேகர் என்ன கோல்மால் பண்ணி வைத்திருக்கிறான் என்று கண்டுபிடிக்கக் கிளம்பினேன். பொழிச்சலூரிலிருந்து பல்லாவரம், அங்கிருந்து ரயிலில் தாம்பரம், அப்புறம் ஷேர் ஆட்டோ. முடிச்சூரை விட்டு நாம் வந்த பிறகு நான் அந்தப் பக்கம் போகவே இல்லை. வயல் இருந்த இடமெல்லாம் பிளாட், பிளாட் இருந்த இடமெல்லாம் அப்பார்ட்மென்ட்.

உன் வாட்ச்மேன் கேட்டை அரைவாசிதான் திறந்தார். "யாருக்குமா? இன்னும் தொறக்கலியே" என்றார். "எனக்குத்தான், இடம் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றேன். மனிதர் ஒரு நிமிஷம் ஆடிப் போய்விட்டார். அப்புறம் உன் அம்மா என்று சொன்னதும், "அட, இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாமா, வா வா, நெழல்ல வா" என்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். சுற்றிப் பார்த்தேன். வாளியைத்தான் முதலில் பார்த்தேன், புது வாளி, நசுங்கல் இல்லை. சிலிண்டர் அறை தனியாக, காற்றோட்டமாக இருந்தது. காத்திருக்கும் கூடத்தில் பெண்களுக்கும் பெஞ்சு போட்டிருக்கிறாய், அதில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தேன். சாம்பல் கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் பித்தளைத் தகடுகள், எண் அடித்தவை. உடலோடு ஒன்று உள்ளே போகும், அதே எண் வீட்டார் கையில் ஒன்று இருக்கும், சாம்பலோடு அது திரும்பி வரும் என்று வாட்ச்மேன் விளக்கினார். "ஓனரு ஐடியாம்மா இது. மாறவே மாறாதுன்றாரு" என்றார். உன் அப்பாவை நினைத்து நீ செய்திருக்கிறாய் என்று தெரிந்தது. அந்த இடத்தில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் காம்பவுண்டு சுவர் வரைக்கும் நடந்தேன். அடுப்பு அறை அந்தக் கிழக்குச் சுவரை ஒட்டி இருக்கிறது. சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தால் நம் பழைய தெருக் கோடியின் வேப்ப மரம். அந்த மரத்தடியில்தானே கிணறு.

கிணற்றைக் காணவில்லை. அந்த இடத்தில் செங்கல் ஜல்லி கொட்டி, மேலே செம்மண் போட்டு, அதில் இரண்டு செம்பருத்திச் செடி. சரி, சேகரின் கைவரிசை என்று நினைத்துக்கொண்டு, கோடி வீட்டு லில்லி டீச்சரைப் பார்க்கப் போனேன். டீச்சருக்கு என்னைப் பார்த்ததில் அவ்வளவு சந்தோஷம். கேட்காமலே கேக்கும் காபியும் வந்தன. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். மூலையில் கவிழ்த்து வைத்திருந்த கேனிலிருந்து பிடித்துக் கொடுத்தார். கேன் தண்ணீர் வாயில் பட்டால் காய்ச்சல் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்த டீச்சர் அவர். "என்ன டீச்சர், கிணத்துத் தண்ணி விட்டுட்டீங்களா?" என்றேன்.

"கிணறு எங்க இருக்கு? அதத்தான் உங்க பையன் மூடிட்டானே" என்றார். "சின்னப் பசங்க எட்டிப் பாக்குறாங்க டீச்சர், விழுந்துட்டா யார் பதில் சொல்றதுன்னு கேட்டான். நியாயம்தானே? வெயில்ல நாள் பூரா நின்னு, லாரி லாரியா கொட்டி மூடினான். செடிகூட அவன்தான் வெச்சான்."

"சேகர்னு ஒரு பையன், வெள்ளைச் சட்டை, அவன்தானே நின்னது?" என்று கேட்டேன். கேட்கும்போதே என் குரல் கெஞ்சியது எனக்கே கேட்டது.

"இல்லங்க, உங்க பையன்தான். எனக்குத் தெரியாதா அவன? நான்தான் காபி போட்டுக் குடுத்தேன். இன்னிக்கு வரைக்கும் எங்க நாலு வீட்டுக்கும் கேன் அனுப்புறான், காசே வாங்க மாட்டேங்கறான். கர்த்தர் அவன நல்லா வைக்கணும். பிள்ளைன்னா அப்படி வளர்க்கணும்" என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்தக் கிணறு இருக்கும்வரை அந்த அடுப்புக்கு லைசென்ஸ் வராது என்பது அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும். உனக்கு எப்படித் தெரியும் என்றால், தோசைத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது உன் உள்ளங்கைதான் ஞாபகத்துக்கு வந்தது. மழையே இல்லாமல் போன அந்தக் கோடையில் நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தாய். போர் எல்லாம் காற்று இறைத்தது, லாரிக்குப் போன் போட்டால் எடுக்க ஆளில்லை. அந்த ஒரு கிணறு மட்டும் வற்றவில்லை. மோட்டார் போட்டால் சேறு கலங்கும் என்று கயிறு போட்டுத்தான் இறைத்தோம். முதலில் நீ டீச்சர் வீட்டுக்கு இறைப்பாய், அப்புறம்தான் நமக்கு. கை கொப்பளித்து உரிந்து, நான் தேங்காயெண்ணெய் தடவும்போது "எரியுதும்மா" என்று சிணுங்குவாய். வெள்ளம் வந்தபோது மூழ்கி, வெயில் காய்ந்தபோது காப்பாற்றிய கிணறு அது. அதே கையால்தானே ஜல்லி கொட்டச் சொல்லி ஜாடை காட்டியிருப்பாய்? எனக்குக் கோபம் வந்தது, அதைவிட அதிகமாக அவமானமாக இருந்தது. ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்டேன், உன் பள்ளிக்கூடப் பையைக்கூட ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் சேகருக்குப் போன் போட்டேன். முதல் தடவையாக, என்னோடு பேசும்போது அவன் அந்த இன்னொரு போனை எடுக்கவில்லை. "அத்தை, நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்றான். "டிராயிங்க மாத்தி, அடுப்ப மேக்கால கோடிக்குத் தள்ளிட்டா தூரம் சரியா வந்துடும். இடம் இருக்கு. ஆனா மறுபடியும் எல்லா ஆபீசும் முதல்லேர்ந்து ஏறணும், திறப்பு விழா தள்ளிப் போயிடும்னு மாப்ள கேக்கல. உங்களுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு கேட்டேன். அம்மா என்னைச் சந்தேகப்பட மாட்டாங்கன்னாரு." கடைசியாக அவன் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. சேகரை ஒரு நாள் சாப்பிடக் கூப்பிடு. அவனுக்கு நான் ஒரு விருந்து கடன்பட்டிருக்கிறேன்.

உனக்கு நான் என்ன சொல்வது? புத்திசாலித்தனமாகச் செய்ததாக நினைத்திருப்பாய். கேன் கொடுத்துவிட்டோம், யாருக்கும் நஷ்டமில்லை என்று கணக்குப் போட்டிருப்பாய். இலவசக் கறிவேப்பிலை கொடுத்து அழுகல் கத்தரிக்காயைத் தள்ளுகிற ஆளை எனக்குத் தெரியும், அவன் என் வயிற்றில் பிறந்திருப்பான் என்றுதான் தெரியாது. நாளைக்கு மறுபடியும் ஒரு கோடை வரும். கேன் லாரியும் வராது. அந்த டீச்சர், நீ மூடிய இடத்தில் செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் உன்னைத்தான் வாழ்த்துவார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இன்னொன்றையும் யோசி. தூரத்தில் பொய் சொன்னவன் தகட்டில் பொய் சொல்ல மாட்டான் என்று உன் ஜன்னலில் வந்து நிற்கும் ஒருத்தி எதற்கு நம்ப வேண்டும்? நீ கட்டியிருக்கும் இடத்திலேயே மிக நல்ல விஷயம் அந்தப் பித்தளைத் தகடுதான். அதற்கும் சேர்த்து ஜல்லி கொட்டிவிட்டாய்.

அதனால் இப்படிச் செய். திங்கட்கிழமை விண்ணப்பத்தில் 'அருகில் குடிநீர்க் கிணறு ஏதும் இல்லை' என்ற இடத்தில் கையெழுத்துப் போடாதே. கொட்டினது ஜல்லிதான், அள்ளிவிடலாம். கிணற்றைத் தூர் வாரி, மேலே இரும்பு வலை போடு, பசங்க விழ மாட்டார்கள். அடுப்பை மேற்கே தள்ளி, புது வரைபடத்தோடு முதலிலிருந்து ஏறு. நானும் கூட வருகிறேன், எந்த மேஜையில் எதைக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். கேட்க மாட்டேன் என்று நீ கிளம்பினால், அதே திங்கட்கிழமை அதே ஆபீசில் நானும் இருப்பேன். ஆட்சேபணை இருப்பவர்கள் தெரிவிக்கலாம் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். எத்தனையோ பேரின் ஆட்சேபணை மனுவை வாங்கி முத்திரை குத்தியவள் நான், ஒன்றை எழுதத் தெரியாதா? டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டுதான் கொடுப்பேன். மிரட்டுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள், மிரட்டத்தான் செய்கிறேன்.

புது மயானத்துக்கு முதல் உடலைக் கொடுக்க யாருக்கும் மனசு வராது, முதலில் போகிறவர் துணைக்கு ஆள் கேட்பார் என்று பயப்படுவார்கள் என்று சேகர் கவலைப்பட்டான். எனக்கு அந்தப் பயம் இல்லை. அவசரமும் இல்லை, ஆனால் யாரும் வராவிட்டால் நானே முதலில் வருகிறேன். வாட்ச்மேனிடம் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டேன். என் எண் அடித்த தகடு ஒன்று உன் கையில் இருக்கட்டும், என் சாம்பல் உனக்கே வரட்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஒன்றே ஒன்று. அன்றைக்கு நீ தோளில் தூக்கி என்னைச் சுற்றி வருவாயே, அந்தக் கொள்ளிக்குடம், அதற்குத் தண்ணீரை வேப்ப மரத்தடிக் கிணற்றில் நீயே கயிறு போட்டு இறைத்துக்கொண்டு வா. கேன் தண்ணீரை ஊற்றிக்கொண்டு வந்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

அம்மா